பையனின் முழங்காலும் ஒரு ரக்பிக்காரரும்

பாளையங்கோட்டை,
ஆடி 5

அன்புள்ள இசக்கிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. ஆனித் தேர் நிலைக்கு வந்ததும் ஊர் ஓய்ந்துவிட்டது. கார் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பழைய பல்லவிதான் இந்த ஆண்டும். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாம். நான் இன்னும் போகவில்லை.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் அந்த ரக்பியை ஆடி உன் மகன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறான், கபடி ஆடியிருந்தாலாவது ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். கபடியில் முழங்கால் போகாதா என்ன? நம்மோடு ஆடியவர்களில் பாதிப் பேர் இன்று மாடிப்படிக் கைப்பிடியை விடுவதில்லை.

ஜானி வில்கின்சன் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரரைப் பற்றி உன் மகனிடம் கேட்டுப் பார். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் 'ரக்பி யூனியன்' என்ற வகையில் 1995 வரை ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவதே விதிமீறல். அந்தத் தடை நீங்கிய சூட்டோடு, பள்ளி முடித்த கையோடு, நியூகாசில் கிளப்பில் சேர்ந்தவர் அவர். 2003 நவம்பர் 22, சிட்னியில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் 17-17. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்பும் நொடியில் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். மூன்று புள்ளி, கோப்பை. அவர் இடக்கால்காரர், உதைத்தது வலக்காலால்.

எல்லோரும் அந்த உதையைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்குப் பின் நடந்ததுதான் பேச வேண்டியது. கழுத்தில் அறுவைச் சிகிச்சை, பிறகு புஜம், முழங்கால், ஒரு முறை சிறுநீரகமே கிழிந்தது. தேறி வருவார், அடுத்த அடி விழும். இங்கிலாந்துக்காக அவர் மறுபடி ஆடியது 2007 பிப்ரவரியில். நடுவே 1,169 நாட்கள் போய்விட்டன. வந்த அன்றே ஸ்காட்லாந்துக்கு எதிராக 27 புள்ளி எடுத்தார்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது கல்கத்தா கோப்பைக்காக. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கைப்பிடிகள் நாகப் பாம்புகள், மூடி மேல் யானை. நம் பாட்டன் கட்டிய கிஸ்தியும் அதில் கொஞ்சம் இருக்கும் என்பது என் கணக்கு!

2009இல் வில்கின்சன் பிரான்சின் தூலோன் கிளப்புக்குப் போனார். 2014இல் ஐரோப்பியக் கோப்பை, பிரெஞ்சு லீக் இரண்டையும் வென்ற பிறகே ஓய்வு பெற்றார். அப்போது வயது 35. உடம்பை விட மனம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் போராடியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

அதனால்தான் சொல்கிறேன், கால் கட்டோடு கிடப்பவனிடம் 'இனி ஆடுவாயா?' என்று நச்சரிக்காதே. காலை மருத்துவர் பார்க்கட்டும். ஆடுவதா விடுவதா என்பதை அவன் சொல்லட்டும். எல்லா அடிபட்டவனும் வில்கின்சனாக எழுந்துவிட மாட்டான் என்பது எனக்கும் தெரியும். ஆகவே பட்டப் படிப்பை மட்டும் விடக்கூடாது. அந்த விஷயத்தில் நான் உன் பக்கம்தான், அவனிடமும் சொல்லிவிட்டேன். நேற்றுத் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினான். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான், நான் எழுதிவிட்டேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரன்