முகத்துவாரத்தை எப்போது, எப்படி வெட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் அடையாறு முகத்துவாரத்தில் பொக்லைன் இறங்குகிறது. சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே ஆற்றின் வாயை அடைத்து நிற்கும் மணல் மேட்டை வெட்டுகிறார்கள். மழை தொடங்கும் முன்பே வெட்டிய வழி மறுபடி மூடிக்கொள்வதும் உண்டு. பெருவெள்ளம் வந்தால் ஆறே மேட்டை உடைத்துவிடும் என்பது உண்மைதான். உடையும் வரை தேங்கும் தண்ணீர் கரையோர வீடுகளில் ஏறுமே! ஆகவே வெட்டத்தான் வேண்டும். முறைதான் தவறு.

சென்னைக் கடலில் பௌர்ணமி, அமாவாசை நாள்களில்கூட நீர்மட்டத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஆற்றில் நீர்வரத்து இல்லாத மாதங்களில், அலை கொண்டுவந்து போடும் மணலைத் திருப்பித் தள்ள அந்த வற்றத்தின் இழுப்பை விட்டால் வேறு விசை கிடையாது. கழிமுகத்தின் ஓரங்களை மண் கொட்டித் தூர்க்கத் தூர்க்க, உள்ளே ஏறி இறங்கும் நீர் குறைந்து அந்த இழுப்பும் தளர்கிறது.

இருக்கிற கொஞ்ச விசையை வீணாக்கக் கூடாது. அகலமாக, மேலோட்டமாக வெட்டினால் நீர் பரவி வேகம் இழந்து மணலை அங்கேயே விட்டுவிடும். குறுகலாக, ஆழமாக வெட்ட வேண்டும். ஆற்றுப் பக்கம் தொடங்கி, கடல் ஓரத்தில் சில மீட்டர் மணலை வரப்புபோல விட்டுவைக்க வேண்டும். பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய நாளில், ஏற்றம் முடிந்து கடல்மட்டம் உள்நீரைவிடத் தாழும்போது வரப்பை உடைத்தால், அடுத்த சில மணி நேரம் தண்ணீரே வாய்க்காலை அரித்து அகலப்படுத்தும். ஏறும் நேரத்தில் உடைத்தால் கடல் மணலோடு உள்ளே வரும்.

வெட்டிய மணலை எங்கே போடுவது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்துகிறது. நவம்பரில் திசை திரும்புகிறது. முன்னதைத் தெண்டி என்றும் பின்னதை வன்னி என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். அக்டோபரில் வெட்டிய மணலை வடகரையில் குவித்தால், சில வாரங்களில் வன்னி அதை வாய்க்காலுக்குள்ளேயே தள்ளும். அதைத் தெற்கே, அலை எட்டாத தூரத்துக்கு லாரியில் கொண்டுபோக வேண்டும். கோடையில் வெட்டினால் வடக்கே.

வெட்டிய பின் வாரம் ஒருமுறை வாய்க்காலின் ஆழத்தை அளந்து எழுதி வைத்தால் தூர்வது முன்பே தெரியும். முழுதும் அடைத்த பிறகு ஒப்பந்தம் போட்டு இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியிராது.

அடையாறு கரைவாசிகள்,
சென்னை