செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான பங்கு மக்களுக்கு,

செவ்வாய்தோறும் ஏழைகளுக்குச் சோறு போடும் நம் கூடத்தின் வேலை முடிந்துவிட்டது. ஓடு மாற்றியது, தரை போட்டது, கை கழுவக் குழாய் இழுத்தது, வெள்ளையடித்தது எல்லாம் எஸ்டிமேட்டில் சொன்னபடியே நடந்தன. கணக்கு நோட்டு பங்கு அலுவலகத்தில் இருக்கிறது; பூசைக்கு அப்புறம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு ஜன்னலைப் பற்றி.

"கட்டின சுவரை இடிச்சுக் கட்டுறாங்க, உண்டியல் பணம்தானே" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆமாம், இடித்தோம். எஸ்டிமேட் 4,80,000 ரூபாய். ஆன செலவு 5,46,300. கூடுதலான 66,300இல் கடப்பா கல் விலை ஏறிய வகையில் 14,300 போக, மிச்சம் 52,000 முழுக்க அந்த ஜன்னலுக்குத்தான்.

முதல் வரைபடத்தில் சோறு கொடுக்கும் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. வரிசை வெளியே நின்றால் நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்துக்கு இடைஞ்சல் இராது என்று நினைத்தோம். கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். அந்தத் தவறு காண்ட்ராக்டர் தலையில் இல்லை. லிண்டல் போட்டு, கிரில்லும் வைத்தாயிற்று. ஒரு செவ்வாய் அங்கிருந்தே பரிமாறிப் பார்த்தோம். வாராவாரம் வரும் ஒரு பாட்டி, பஸ் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தூக்குவாளியையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். என்னம்மா என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல எங்க தெருக்காரங்க போறாங்கய்யா" என்றார். அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை.

நம் வின்சென்ட் தே பவுல் சபை தொடங்கியதே ஏழையின் வீட்டுக்கு நாம் போவதில்தான். 1833இல் பாரிசில் இருபது வயது மாணவர் ஓசானாமும் நண்பர்களும் அப்படித்தான் போனார்கள். எந்த வீட்டுக்கு என்று வழிகாட்டியவர் ரோசாலி ரெந்து என்ற கன்னியர். இன்றும் சபைக் கூட்டத்தில் காணிக்கைப் பை வரும்போது மூடிய கையைத்தான் உள்ளே விடுகிறோம். போட்டவர் யார், வெறுங்கையை விட்டவர் யார் என்று தெரியாது. கொடுப்பவருக்கே இவ்வளவு மறைவு வைத்திருக்கிறோம். வாங்குகிறவரை மட்டும் பஸ் ரூட்டில் நிறுத்தலாமா?

ஜன்னலை வளாகத்துக்குள் மாற்றித் தரும்படி காண்ட்ராக்டரிடம் சொன்னோம். "சோறு வாங்க வர்றவங்களுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தா என்ன சார்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் நாங்களும் அப்படித்தானே நினைத்திருந்தோம். கூடுதல் வேலைக்கு 78,000 கேட்டார். தரமாட்டோம் என்றதும் சென்டரிங் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது நாள் வேலை நின்றது. கடைசியில் சாமியார் அறையில் உட்கார்ந்து, பழைய கிரில்லையும் செங்கலையும் திரும்பப் பயன்படுத்துவது என்று பேசி, 52,000க்கு இறங்கினார். அந்த ஒன்பது நாளால்தான் கூடத்தை ஆசீர்வதித்துத் திறக்கும் மந்திரிப்பும் தள்ளிப்போனது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 முதல் கொண்டாட வைத்த உலக வறியோர் நாளில் திறக்க நினைத்தோம். அடுத்த ஞாயிறு, கிறிஸ்து அரசர் விழாவில்தான் முடிந்தது.

இப்போது ஜன்னல் வளாகத்துக்குள், அந்தோனியார் சுரூபம் இருக்கும் கெபியைப் பார்த்து இருக்கிறது. நேர்ச்சை அப்பம் வாங்குகிறவரும் சோறு வாங்குகிறவரும் ஒரே வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். யார் எதற்கு வந்தவர் என்று ரோட்டில் போகிறவருக்குத் தெரியாது.

அடுத்தது கல்வெட்டு. கொடையாளர் பெயர் ஏன் பொறிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று கோயிலில் வாசித்துவிட்டு, வெளியே வந்து கிரானைட்டில் வெட்ட மனம் வரவில்லை. கல்வெட்டு இல்லையென்றால் தருவதாகச் சொன்ன பணத்தில் பாதிதான் தருவேன் என்றவரும் உண்டு. அந்தப் பாதிக்கு நன்றி. பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்: இருபது மூட்டை சிமெண்ட் இறக்கிய லாரி உரிமையாளர், மீன் மார்க்கெட் அக்காமார், வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், மோட்டார் வாங்கித் தந்த ஓய்வுபெற்ற டீச்சர், பங்கின் ஆறு அன்பியக் குழுக்கள், மாதா சபை, மரியாயின் சேனை, கூலி வாங்காமல் வயரிங் செய்த தம்பி, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை ஒதுக்கிப் பிடியரிசி சேர்த்த வீடுகள், பூக்கட்டும் அம்மா. மொத்த வரவு 5,50,000. கையிருப்பு 3,700.

இன்னொரு முறைப்பாடு. சாப்பாட்டுக்கு முன் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்ல வைக்கவேண்டுமாம். பசியோடு வந்தவரை அவ்வளவு நேரம் உட்கார வைப்பதில்லை என்பது குழுவின் முடிவு. பரிமாறுகிறவர்கள் அடுக்களையில் நின்று, நற்செய்தியில் வரி வசூலிக்கும் ஆயக்காரர் சொன்னதைச் சொல்கிறோம்: "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்." அப்புறம் கரண்டியை எடுக்கிறோம்.

அந்தப் பாட்டி வந்தாரா என்று சிலர் கேட்டார்கள். இன்னும் வரவில்லை. சபையிலிருந்து இரண்டு பேர் செவ்வாய்தோறும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கிரில்லுக்கு இன்னொரு கோட் பெயிண்ட் பாக்கி; அது கையிருப்பிலேயே முடிந்துவிடும்.

செயலாளர்,
திருப்பணிக் குழு