எங்கள் ஊர் அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினாலே நீலகிரியில் நிலச்சரிவு அபாயம் உள்ள இடங்கள் 283 என்று செய்தி வந்துவிடும். அதில் எங்கள் தெரு சேர்த்தியா என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "வரைபடம் இருக்கிறது, பார்த்தால் உங்களுக்குப் புரியாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

புரியாது என்பது ஒரு வகையில் சரிதான். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அபாய வரைபடம் 1:50,000 அளவில் போட்டது, அதில் ஒரு செ.மீ. என்றால் தரையில் அரை கிலோமீட்டர். மேலே காரட் தோட்டம், நடுவே ரோடு, கீழே வீடுகள் என்று இருக்கும் எங்கள் ஊர் முழுக்க அதில் ஒரு துவரம்பருப்பு அளவுதான் வரும். மாவட்டத்துக்குத் திட்டம் போட அது உதவும். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டலாமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்போது எங்கள் தோட்டத்து ஊற்று, கோடையில்கூடத் தெளிவாக வருகிற ஊற்று, மாலையிலேயே டீ நிறத்துக்கு மாறிவிட்டது. சரிவில் படிபோல் வெட்டிய தோட்டத்தின் மேல் தட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பயந்துபோய் ராத்திரி உறவினர் வீட்டில் தங்கினோம், விடிந்து வந்து பார்த்தால் இரண்டு தட்டு மண் ஓடையில் கிடந்தது. அந்த ஊற்றை இன்றுவரை யாரும் குறித்துக்கொண்டு போகவில்லை.

இங்கே பாறை மக்கி மண் ஆழமாக இருக்கிறது. மழைநீர் இறங்கி அடியில் உள்ள களிமண்ணில் தேங்கினால் மேலே இருப்பது அப்படியே வழுக்கிவிடும். சரிவு வாக்கிலேயே, மேலிருந்து கீழாகப் பார் பிடித்து உருளைக்கிழங்கு போடுவதால் மேல்மண் தனியாக ஓடுகிறது, அதுவும் ஓடை வழியாக அணைகளில் சேர்ந்து கடைசியில் பில்லூர் அணை வரை போகிறது. பில்லூர் தண்ணீரைக் குடிக்கிற கோவை மக்களும் இதைத் தங்கள் பிரச்சினையாக நினைக்க வேண்டும். அதனால் மண் அரிப்புக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு துறையில் வைத்திருக்காமல், ஓடை பிறக்கும் இடத்திலிருந்து அணை வரைக்கும் ஒரே வரைபடமாகப் போடுங்கள்.

சர்வே எண்ணோடு, தமிழில். ஊற்று, வெடிப்பு, சாய்ந்த மரம், பொக்லைன் வைத்து வெட்டிய இடம், மண் கொட்டி மறித்த ஓடை எல்லாம் அதில் வர வேண்டும். போன வருடம் இல்லாத வெட்டு இந்த வருடம் இருக்கும், ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திருத்த வேண்டும். 2024-இல் நிலச்சரிவு முன்னறிவிப்புக்கென்று தேசிய மையமே தொடங்கி, நீலகிரிக்கும் அறிவிப்பு தருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாளைக்கு ஆபத்து என்று சொன்னால் எந்த வீட்டைக் காலி செய்வது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் யாராவது வந்தால், எங்கள் பக்கத்து ஊற்றுகளையும் வெடிப்புகளையும் நானே கூட நடந்து காட்டுகிறேன். அரை நாள் போதும்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
குந்தா வட்டம், நீலகிரி.