விஸ்கான்சின் மானும் உன் அப்பாவின் கத்தியும்

அயோவா கவுண்டி, விஸ்கான்சின்
7 டிசம்பர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கறிக்கடையை மூடிவிட்டதாகவும், அந்தப் புளியமரக் கட்டையை மட்டும் விற்க மனமில்லாமல் வீட்டுத் திண்ணையோரம் போட்டு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பள்ளி விட்டதும் அந்தக் கட்டையின் எதிரே நின்றுகொண்டு, உன் அப்பா ஆட்டின் மூட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை வைப்பதை நாம் வேடிக்கை பார்த்த நாட்கள் எல்லாம் கண்முன்னே வந்தன. மானைச் சுட்ட பிறகு அந்தக் காட்டுக்குள் என்னதான் செய்கிறீர்கள் என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு விடை எழுத நான் கற்றுக்கொண்டதில் பாதி, அந்தக் கட்டையின் எதிரே கற்றதுதான்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுடுவது குற்றம்; புள்ளிமானும் கடமானும் அங்கே காக்கப்பட வேண்டியவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நிலைமை வேறு. வெள்ளைவால் மான் பெருகி, ஓக் மரக் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்துவிடுகிறது. சாலையில் கார்கள் முன் பாய்கிறது. ஆகவே மாநில அரசே உரிமம் கொடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை பெண்மான்களைச் சுடலாம் என்று கணக்கிட்டு அனுமதிக்கிறது. துப்பாக்கி வேட்டைக்கு முதன்மையான காலம், நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள். இந்த ஆண்டு அது நவம்பர் 22-இல் தொடங்கியது. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தம் நிலத்தில் எனக்கு ஆறாவது ஆண்டாக இடம் கொடுத்தார்.

அன்று காலை ஏழரை மணியளவில், காட்டின் ஓரத்தில் நின்ற ஒரு பெண்மானைச் சுட்டேன். குண்டு விலாவைத் துளைத்து நுரையீரலில் பாய்ந்தாலும் மான் பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை. சற்றுத் தூரம் ஓடித்தான் விழும். உடனே பின்னால் ஓடினால், உயிர் முழுவதும் போகாத மான் மீண்டும் எழுந்து எங்கோ போய்த் தவிக்கும். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு போனேன். இளஞ்சிவப்பாக, நுரை கலந்து கிடந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பின்பக்கமாக நெருங்கி, ஒரு நீளக் குச்சியால் திறந்திருந்த கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். இமை அசையவில்லை. அதன் பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் நான் ஏதும் பேசுவதில்லை. அதன் கழுத்தில் கை வைத்துச் சற்று நேரம் நிற்பேன். அவ்வளவுதான்.

அங்கிருந்து தொடங்குவதுதான் வேட்டையின் மெய்யான வேலை. உடலின் சூடுதான் கறிக்கு முதல் பகை. தோலுக்குள் அடைபட்டிருக்கும் அந்தச் சூடும், இரைப்பையில் புளித்துக்கொண்டிருக்கும் தழையும் சேர்ந்தால், குளிர்நாளிலும் சில மணி நேரத்தில் கறி கெடத் தொடங்கிவிடும். நீ நினைப்பதுபோல் கழுத்தை அறுத்து இரத்தம் வடிப்பதில்லை. இதயம் நின்றுபோன பிறகு அறுத்து ஒன்றும் வராது. இரத்தத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கித் தேங்கியிருக்கும்.

மானை மல்லாத்தி, தலை சற்று மேடான பக்கம் இருக்கும்படி கிடத்தினேன். முதலில் ஆசனவாயைச் சுற்றிக் கத்தியை ஆழமாக வளைத்து விட்டு, அதைச் சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்து, சிறு கயிற்றால் இறுகக் கட்டினேன். பிறகு நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துச் சிறு துளை போட்டு, அந்த இரு விரல்களையே உள்ளே விட்டு இரைப்பையைக் கீழே அழுத்திக்கொண்டு, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர் மேல் நோக்கி இருக்கும்படி இடுப்பெலும்பு வரை கிழித்துக்கொண்டே போனேன். கூர் கீழ்நோக்கினால் முடிந்தது. இரைப்பை கிழிந்து, பச்சைக் கூழ் கறியெல்லாம் பரவிவிடும். கிழித்த வாயிலிருந்து அந்தக் குளிரில் வெண்ணிறமாக ஆவி எழுந்தது. விறைத்திருந்த என் விரல்களுக்கு உணர்வு திரும்பியதே உள்ளே கைவிட்ட பிறகுதான். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை விலாவோரமாக இருபுறமும் அறுத்து, முழங்கைக்கு மேல்வரை கையை நுழைத்து, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் மூச்சுக்குழலைப் பிடித்து அறுத்து இழுத்தால், நுரையீரல் முதல் குடல் வரை எல்லாம் ஒரே கொத்தாக வெளியே வந்துவிடும். மூத்திரப்பையை மட்டும் அதன் கழுத்துப் பகுதியில் கிள்ளிப் பிடித்துக்கொண்டு தனியே எடுக்க வேண்டும். இறுதியில் மானைக் கவிழ்த்துப் போட்டால் தேங்கிய இரத்தம் வடிந்துவிடும். எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பெரியவருக்குப் பத்து நிமிடம் போதும். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைப்பதுதான் முறை. ஈரம் நின்றால் கிருமி பெருகும்.

ஈரலை எடுத்தபோது உன் அப்பா நினைவுக்கு வந்தார். ஆட்டு ஈரலைத் தொட்டதும் அவர் முதலில் தேடுவது பித்தப்பையை அல்லவா? "பிச்சு உடைஞ்சா ஈரல் முழுக்கக் கசந்திடும்" என்று சொல்லிக்கொண்டே அதை விரல் நுனியால் பிரித்தெடுப்பாரே, அதே பழக்கத்தில் முதல் ஆண்டு நானும் மான் ஈரலைத் திருப்பித் திருப்பித் தேடினேன். பெரியவர் சிரித்துவிட்டு, மானுக்குப் பித்தப்பையே கிடையாது என்றார். ஆட்டைப்போல் அசைபோடும் விலங்கு, நான்கு அறை இரைப்பை, எல்லாம் ஒன்றுபோல் இருந்தும் இந்த ஒரு உறுப்பு இல்லை. இதை உன் அப்பாவிடம் சொல்லாமல் போய்விட்டேனே என்று இப்போதும் வருந்துகிறேன்.

ஆனால் நம் ஊரில் ஒன்றைக்கூட வீசாமல் எடுத்துக்கொள்ளும் பாகங்களில் சில இங்கே எனக்குக் கிடைப்பதில்லை. தலைக்கறியும் மூளையும் சுவரொட்டி என்னும் மண்ணீரலும் நான் எடுப்பதில்லை. மான்களின் மூளையை அரிக்கும் நாள்பட்ட மெலிவு நோய் (CWD) என்று ஒன்று உண்டு. 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்டது. விஸ்கான்சினில் 2002-இல், எங்களுக்கு அருகிலுள்ள மவுன்ட் ஹோரப் பக்கத்தில் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணம் கிருமியோ நச்சுயிரியோ அன்று. உருத்திரிந்த ஒரு புரதம் மற்றப் புரதங்களையும் தன்னைப்போல் திரியச் செய்கிறது. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் அது மிகுதியாகத் தேங்கும். சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. இருந்தாலும், நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றே மருத்துவத் துறையினர் சொல்கிறார்கள். ஆகவே தலையைச் சிறிது கழுத்தோடு வெட்டி, சோதனைக்கென வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறையவைத்துக் காத்திருக்கிறேன். இந்த மானின் முடிவு நேற்று முன்தினம்தான் வந்தது. நோய் இல்லை. அந்த ஒரு வரிக்காகப் பதின்மூன்று நாள் காத்திருந்தேன்.

நானே அறுக்கத் தொடங்கியதற்கும் இதுதான் காரணம். முதல் ஆண்டு, கத்தியைத் தவறாகப் பிடித்து இரைப்பையைக் கிழித்துவிட்டேன். முதுகெலும்புக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் அந்த இரண்டு மெல்லிய கறித்துண்டுகள், மானிலேயே மிகவும் இளசானவை, பச்சை நீரில் ஊறி வீணாயின. ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் நல்ல கறியை என் அவசரத்தால் பாழாக்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. மீதியை ஒரு கறி வெட்டும் கடையில் கொடுத்தேன். அரைக்க வேண்டிய கறியைப் பலருடைய மான்களின் கறியோடு ஒன்றாகக் கலந்து அரைத்து, எடைக்கு எடை திருப்பித் தருவது அவர்கள் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. யாருடைய மான், அதற்குச் சோதனை நடந்ததா, குடல் கிழிந்ததா, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, ஒன்றுமே தெரியாத கறியை என் குழந்தைகளுக்கு எப்படிப் போடுவது? அந்தப் பொட்டலங்களைப் பிரிக்காமலே எறிந்தேன். மறு ஆண்டிலிருந்து என் மானை என் கையாலேயே அறுக்கிறேன்.

கொட்டகையில் பின்னங்கால்களைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு, சூடு இருக்கும்போதே தோலை உரித்தேன். ஆறிவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பின்னங்கால் கணுவின் உட்புறம் கருத்த மயிர்க்கற்றை போலத் தெரியும் சுரப்பியைத் தொட்ட கத்தியால் கறியைத் தொடக்கூடாது. அந்த வீச்சம் கறியில் இறங்கிவிடும். உரித்த பிறகு நான்கு நாள் அப்படியே விட்டுவைத்தேன். கொட்டகைக்குள் 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரைதான் இருந்தது. உங்கள் கடையில் அறுத்த இரண்டு மணி நேரத்தில் கறி விற்றுத் தீர்ந்து, தசை விறைப்பதற்கு முன்பே அடுப்பேறிவிடும். அதனால் மென்மையாக இருக்கும். இங்கே அதற்கு வழியில்லை. விறைத்த தசை தளர்வதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்கு முன் வெட்டி உறையவைத்தால் செருப்புத்தோல்தான்.

வெட்டுவதில்தான் உன் அப்பாவிடமிருந்து நான் விலக நேர்ந்தது. அவர் எலும்போடு சேர்த்துத் துண்டு போடுவார். அதில்தான் நம் குழம்புக்கு ருசியே. இங்கே தண்டுவடத்தை அறுக்கக் கூடாது என்பதால் ரம்பத்தையோ வெட்டுக்கத்தியையோ நான் எடுப்பதில்லை. எலும்பை விட்டுத் தசையை மட்டும் பிரிக்கிறேன். முன்னங்கால் சப்பைக்கு உடலோடு எலும்பு மூட்டே இல்லை. காலைச் சற்று இழுத்துப் பிடித்து, இடுக்கில் கத்தியை விட்டால் அப்படியே கழன்று வரும். முதுகெலும்பின் இருபுறமும் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஓடும் நீண்ட தசையை, எலும்பில் கத்தி நுனி உரசும் ஒலியைக் கேட்டுக்கொண்டே மெதுவாகப் பிரிப்பேன். தொடையில் தசைக்கும் தசைக்கும் நடுவே வெள்ளை ஜவ்வு கோடு போட்டிருக்கும். பெருவிரலை அதில் நுழைத்தால் போதும், தசைகள் தாமாக விலகும். மூட்டை விரல்தான் கண்டுபிடிக்கும், கண் அன்று என்று உன் அப்பா காட்டியதை அங்கேதான் கைக்கொள்கிறேன். குண்டு நுழைந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுகிறேன். ஈயக் குண்டின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தூரம்வரை சிதறும் என்பதால் இப்போது செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைப்போல் அன்று. மெழுகு மாதிரி அண்ணத்தில் படிந்து, நாக்கில் கசப்பாக நிற்கும். ஒரு துணுக்கும் விடாமல் சீவி எடுத்தேன். குடல் நீக்கியபின் நாற்பத்தெட்டுக் கிலோ இருந்த மானிலிருந்து, எலும்பும் கொழுப்பும் போக இருபத்தொரு கிலோ கறி தேறியது. எலும்புகளையும் முதுகுத்தண்டையும் வேட்டைக்காரர்களுக்கென வைத்துள்ள குப்பைத் தொட்டியில் சேர்த்தேன். காட்டில் விட்டுவந்த குடலை மறுநாள் போய்ப் பார்த்தபோது, காக்கைகள் சூழ நடுவில் ஒரு வெண்தலைக் கழுகு உட்கார்ந்திருந்தது.

முடிவு வந்த மகிழ்ச்சியில், முதல் துண்டை நேற்று எடுத்து, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்து நல்லெண்ணெயில் சுக்கா வறுத்தேன். கறியில் கொழுப்பே இல்லாததால் எண்ணெயைத் தாராளமாக விட வேண்டியிருக்கிறது. இளைய மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த ஆண்டு காட்டுக்கு உடன் வருவேன் என்கிறாள். சுடுவதற்கு அன்று, அறுப்பதைப் பார்ப்பதற்கு. அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தொடைத் தசையின் மேல் இறுகப் படிந்திருக்கும் வெள்ளை ஜவ்வை உன் அப்பா ஒரே இழுப்பில், கறி துளியும் ஒட்டாமல் உரித்துவிடுவார். கத்தியைச் சாய்த்துப் பிடித்தாரா, ஜவ்வைத்தான் இழுத்தாரா? எனக்கு ஒவ்வொரு முறையும் அதோடு கறியும் சேர்ந்தே போகிறது. உனக்கு நினைவிருந்தால், ஒரு படம் வரைந்தாவது அனுப்பு. அவருடைய சாணைக்கல் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழன்