ஆய்வேட்டோடு தரவையும் வாங்கி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் ஆய்விதழ்களைப் படிக்க மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் என்று விவரங்களைச் சரியாகவே தந்திருந்தீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கும் இதில் மகிழ்ச்சிதான். முன்பெல்லாம் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் ஐஐடியில் படிக்கும் நண்பருக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள் எங்கள் மாணவர்கள். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே திறந்து படிக்கிறார்கள்.

ஆனால் பிறர் எழுதியதைப் படிக்க இவ்வளவு செலவழிக்கும் நாம், நம் மாணவர்கள் பொதுப்பணத்தில் சேகரிக்கும் தரவை என்ன செய்கிறோம்? இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் நிலத்தடி நீர் பற்றி ஆராயும் மாணவி ஒருவர் எங்கள் ஆய்வேட்டுப் பிரிவுக்கு வந்தார். ஏறக்குறைய 20 வருஷத்துக்கு முன் அவர் ஊர்ப் பக்கம் ஒருவர் கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளந்து முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். அந்த அளவுகள் கிடைத்தால் அதே கிணறுகளில் இன்று அளந்து ஒப்பிடலாம் என்பது அவர் எண்ணம். ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. உள்ளே இருந்தவை சராசரிகளும் வரைபடங்களும்தான். கிணறுவாரியான அளவுகள் பின்னட்டை உறைக்குள் இருக்கும் சிடியில் உள்ளன என்று ஒரு வரி. சிடியைத் தொட்டால் மேல்பூச்சு விரலோடு வந்தது. எங்கள் நூலகத்தில் சிடி போட்டுப் பார்க்கிற கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் போட்டோம், சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது.

சரி என்று ஆய்வு செய்தவரையே தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். பழைய ஹார்டு டிஸ்கைக் கிளறி ஓர் எக்செல் ஃபைலை அனுப்பி வைத்தார். திறந்து பார்த்தால் கி-14, கி-15 என்று வெறும் எண்கள். எந்த எண் எந்த ஊரில் யார் தோட்டத்துக் கிணறு என்ற பட்டியல் ஒரு நோட்டில் இருந்ததாம். வீடு மாறியபோது நோட்டு போய்விட்டது. நீர்மட்டம் 7.2 மீட்டர் என்று போட்டிருந்தது. தரையிலிருந்து அளந்ததா, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து அளந்ததா? சுவரே மூன்றடி இருக்குமே! சில எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வேறு. "எதற்குப் போட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லைங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலிலும் மழையிலும் அலைந்து அளந்தவர் அவர். பட்டியலையும் நோட்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டியது நூலகம். அன்று நாங்கள் கேட்கவில்லை. மாணவி கடைசியில் தலைப்பையே மாற்றிக்கொண்டார்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. செடிகளையும் விலங்குகளையும் அளந்து எழுதப்பட்ட 516 ஆய்வுக் கட்டுரைகளுக்கான மூலத் தரவைக் கேட்டுப் பார்த்த கனடா ஆய்வாளர்கள், 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போனது. மாறிப்போன மின்னஞ்சல் முகவரி, படிக்க முடியாத பழைய டிஸ்க். அங்கேயும் இதே காரணங்கள்தான்.

ஒழுங்காகச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைக்க 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒரு தரவு வங்கி தொடங்கினார்கள். அப்போது அதில் இருந்தவை ஏழே வடிவங்கள். இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்த நாட்டு மாணவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றுத்தந்த புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், இந்த வங்கியில் இருந்த வடிவங்களைப் பார்த்துத்தான் பாடம் படித்தது. அங்கே வந்து சேரும் ஒவ்வொரு புரத வடிவமும் சரிதானா என்று சோதிப்பதற்கு இன்றும் பயன்படுவது, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-இல் வெளியிட்டது அது. எனக்கு இதில் பெருமை உண்டு. அதைவிட முக்கியமாக நான் கவனிப்பது, வந்த தரவைச் சோதித்து, விவரம் எழுதி, எண் கொடுத்து அடுக்குவதற்கென்றே அந்த வங்கியில் ஆட்கள் முழுநேரமாக வேலை பார்க்கிறார்கள் என்பதை. விவரம் எழுதி எண் கொடுத்து அடுக்குவது நூலகர் வேலைதானே?

நம் பல்கலைக்கழகங்களில் நூலகர் என்றால் 'நோ டியூ' படிவத்தில் கையெழுத்துப் போடுபவர். கருத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறை கொண்டுவந்த பிறகு, ஆய்வேட்டை மென்பொருளில் ஓட்டி எத்தனை சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று சொல்பவரும் ஆகிவிட்டார். இதிலேயே ஒரு வழி இருக்கிறது என்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு ஆய்வு மாணவரும் பென்டிரைவோடு எங்கள் மேசைக்கு வந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அதே பென்டிரைவில் அவருடைய தரவும் இருக்கும். ஆனால் நாங்கள் பிடிஎஃப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். யுஜிசி விதிமுறைப்படி அந்த பிடிஎஃப் ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போகிறது. தரவு அவரோடு வீட்டுக்குப் போகிறது.

அந்த ஒரு நாளில் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டால் போதும். அட்டவணையில் இந்தப் பத்தியின் தலைப்புக்கு என்ன அர்த்தம், எந்த அலகு, எங்கிருந்து அளந்தது, நட்சத்திரம் எதற்கு? பதிலை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கலாம். எக்செல் ஃபைலோடு, தனி மென்பொருள் எதுவும் வாங்காமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதியும் எடுத்து வைக்கலாம். அப்புறம் டிஓஐ என்னும் நிரந்தர எண். அந்த எண் இருந்தால் பின்னால் வருபவர் தரவைத் தேடி எடுக்கலாம், எடுத்தவர் சேகரித்தவரின் பெயரைக் குறிப்பிட்டு நன்றி சொல்லலாம்.

"டேட்டாவைக் கொடுத்தால் வேறொருத்தர் பேப்பர் போட்டுவிடுவாரே" என்று கைடுகள் பயப்படுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அதற்காகத்தான் ஓராண்டோ ஈராண்டோ பூட்டி வைத்துவிட்டு, அப்புறம் திறக்கும் வழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. நோயாளிகளின் விவரங்களைப் பெயர் நீக்காமல் வெளியிடவே கூடாது. நட்சத்திர ஆமை எந்தக் காட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பைத் திறந்து வைத்தால், ஆய்வாளருக்கு முன்னால் கடத்தல்காரன் போய் நிற்பான். எதைத் திறப்பது, எதை மூடுவது, எத்தனை நாளைக்கு என்று தரவைக் கையில் வைத்துக்கொண்டு மாணவரோடு பேசி முடிவெடுக்க ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் பயிற்சி பெற்ற நூலகர் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உயிரியல் தரவுக்கென்று ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்துக் கிணறுகளின் கணக்கையும், தெருக்கூத்துக் கலைஞர்களிடம் எடுத்த ஒலிப்பதிவையும், வாரச்சந்தையில் குறித்துவைத்த விலைப்பட்டியலையும் வைத்துக்கொண்டு எங்கள் மாணவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? இப்போதைய சந்தா ஏற்பாடு 2027-உடன் முடிகிறது. அடுத்த கட்டத்துக்குப் பேச்சு தொடங்கும்போது, அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைத் தரவுக் களஞ்சியத்துக்கும், பல்கலைக்கழகத்துக்கு ஒரு தரவு நூலகர் பணியிடத்துக்கும் ஒதுக்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். நூலகர்கள் நாங்கள் கேட்பதைவிடப் பத்திரிகை கேட்டால் காதில் விழும்.

அந்த மாணவி வந்து போன பிறகு, என் மேசைக்கு வருபவர்களிடம் நானாகவே கேட்க ஆரம்பித்தேன். விதி இல்லை என்பதால் கட்டாயப்படுத்த முடியாது. இதுவரை நான்கு பேர் கொடுத்திருக்கிறார்கள். சம்மதித்த இரண்டு பேருடைய தரவை, ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகம் நடத்துகிற ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினேன். 50 ஜிபி வரை இலவசம், டிஓஐ எண்ணும் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற இருவருடையதும் என் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. நான் ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகர் ஒருவர்