ஏழரை மணி உலா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ ஆட்சிகளில் தொலைக்காட்சிச் செய்தி எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை விரிவாக எழுதியிருந்த தங்கள் சென்ற இதழ்க் கட்டுரை, அதைப் பார்த்த மக்களை, சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதவர்களாகக் காட்டி ஓரிரு வரிகளில் கடந்துவிட்டது. போலந்து மக்களுக்கு இந்தக் கணிப்பு பொருந்தாது.

1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழந்தைகள் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த வீடுகளில் அந்த நிகழ்ச்சி வரவில்லை; போலந்தின் கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். தொலைபேசிகள் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தன. அதன்பின் செய்தி வாசிப்பவர்களும் ராணுவச் சீருடையிலேயே திரையில் அமர்ந்தார்கள். யாருடைய செய்தி இது என்பதை மறைக்கக்கூட மெனக்கெடாத அந்த வெளிப்படைத்தன்மையை ஒருவகையில் பாராட்டத்தான் வேண்டும். பத்திரிகையாளர்கள் விசுவாசம் சோதிக்கப்பட்டு, பலர் வேலை இழந்தனர். நடிகர்கள் பலர் தாங்களாகவே தொலைக்காட்சியைப் புறக்கணித்தனர்.

ஆனால் நடிகர் வராவிட்டால் ஊருக்குத் தெரியும். வீட்டுக்குள் ஒருவர் பெட்டியை அணைத்தால் யாருக்குத் தெரியும்? இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்கள் லூப்ளின் நகருக்கு அருகே, ஹெலிகாப்டர் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஷ்விட்னிக் என்னும் சிற்றூர் மக்கள். 1982 பிப்ரவரி 5 முதல், மாலை ஏழரை மணிக்கு முதன்மைச் செய்தி தொடங்கியதும் அவர்கள் குடும்பம் குடும்பமாக வீட்டைவிட்டு வெளியேறி, கொட்டும் பனிக்காலத்தில் தெருக்களில் உலாவினார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைச் சன்னலோரம் வைத்து, திரையைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு வந்தார்கள். கோஷமில்லை, பதாகையில்லை, அண்டை வீட்டாருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நடப்பதை எந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாக்குவது? செய்தியை நம்பாதவர் தான் மட்டுமல்ல என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் கண்டுகொண்ட அந்த அரைமணி நேரத்தைத்தான், என் கருத்தில், அரசு அஞ்சியது.

அச்சத்துக்குச் சான்றும் இருக்கிறது. ஷ்விட்னிக்கில் அந்தச் செய்தி நேரத்தில் யாரும் வெளியே நடமாட முடியாதபடி ஊரடங்கு முன்னே தள்ளப்பட்டது. மக்கள் சண்டைக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கும் ஒரு செய்தி அறிக்கை உண்டு. உலாவை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்