செயலரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உரிமம் பெற்று வானொலிக் கருவியில் உலகோடு பேசும் நமது ஹாம் வானொலிச் சங்க உறுப்பினர்களுக்கும், இன்று நம்முடன் வந்து அமர்ந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் நின்றது. மீதி நேரத்தை, ஆண்டு முழுதும் நம்மை விழிக்க வைத்த வானத்தையும் கடலையும் பற்றிப் பேச எடுத்துக்கொள்கிறேன்.

சூரியப் புள்ளிகள் ஏறத்தாழப் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதைச் சுழற்சி என்கிறோம்; சூரியனின் 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபர் 15 அன்று நாசா அறிவித்தது. நமது பதிவேடுகளைப் புரட்டினால் அதற்கு முன்பே அது தெரியும். 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காலையில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும், பிற்பகலில் ஐரோப்பாவும் பக்கத்துத் தெருவில் பேசுவதுபோல் கேட்டன. 2019இல் அதே பனைமரத்தில், அதே கம்பியைக் கட்டி வைத்துக்கொண்டு வெறும் இரைச்சலைக் கேட்டவர்கள் நாம். சூரியப் புள்ளிகள் பெருகும்போது புற ஊதாக் கதிர்களும் பெருகுகின்றன. அதனால் அயனி மண்டலத்தின், அதாவது வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கின், மேலடுக்கு அடர்த்தியாகி, உயர்ந்த அலைவரிசைகளையும் வளைத்துத் தரைக்கு அனுப்புகிறது. பேண்டு, அதாவது அலைவரிசைத் தொகுதி, திறந்திருக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆனால் கொடுத்த சூரியனே பிடுங்கவும் செய்தது. மே 11, சனிக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறை. குடும்பங்களோடு ராமநாதபுரத்தை அடுத்த அரியமான் கடற்கரைக்குப் போனோம். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசாருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். சவுக்குத் தோப்பில் புளியோதரையும் வறுத்த மீனும்; தண்ணீர் விளிம்பில் மூங்கில் கழியில் நிறுத்திய செங்குத்து ஆன்டெனா. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அங்கிருந்து கிளம்பும் அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போய் வெகுதூரம் சேரும். பிள்ளைகளுக்கு உலகத்தையே கேட்க வைப்பதாகச் சொல்லி அழைத்துப் போயிருந்தோம். 14 மெகாஹெர்ட்ஸைத் திருப்பினால் ஐரோப்பா இல்லை, 21இல் யாருமில்லை. இணைப்புக் கம்பிகளை மூன்று முறை கழற்றி மாட்டினோம். முந்தைய இரவிலிருந்து சூரியன் வீசிய மின்துகள்களால் எழுந்த, 2003க்குப் பிறகான மிகக் கடுமையான புவிகாந்தப் புயல் வீசிக்கொண்டிருந்தது என்பதும், லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் ஏமாந்தார்கள். ஆனாலும் நமது துணைத்தலைவரின் பேத்தி பதிவேட்டில் தன் கையால் எழுதிய வரி இருக்கிறது: “இன்று யாரும் பேசவில்லை. சூரியனுக்குக் கோபம்.” அந்த வரியை அடிக்காமல் வைத்திருக்கிறேன். ஒன்றும் கேட்காத நாளும் பதிவுதான். கேட்ட நாளை மட்டும் எழுதுகிற பதிவேட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பற்றி எதையும் கற்க முடியாது.

அக்டோபர் 3 மாலையும் அப்படித்தான். மகாளய அமாவாசைக்கு மறுநாள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வந்த கூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. நமது உறுப்பினர் ஒருவர் தென்னாப்பிரிக்க நிலையம் ஒன்றோடு பேசிக்கொண்டிருக்கிறார். சூரியன் மறையப் போகும் நேரம், 5.48 மணி. எதிர்முனை வாக்கியத்தின் நடுவிலேயே அமிழ்ந்துபோனது. இந்தச் சுழற்சியில் அதுவரை சூரியனில் வெடித்தவற்றில் மிகப் பெரிய பிழம்பு அந்த நிமிடத்தில்தான் உச்சத்தைத் தொட்டது. அப்போது ஆப்பிரிக்காவுக்கு மேலே நல்ல பகல். எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழடுக்கைத் தடிக்கச் செய்ததால், அலை மேலே போகும் வழியிலேயே உறிஞ்சப்பட்டது.

புதிய உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, மிக அருகில் ஓடுகிறது. 1963இல் கேரளத்துத் தும்பாவை ராக்கெட் ஏவ அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதனால் பொழுது சாய்ந்தபின் நம் பகுதியில் அயனி மண்டலம் குமிழி குமிழியாகக் கலங்குகிறது. குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நடுங்குகின்றன. இதைப் பழுது என்று நினைத்து ஒருவர் தம் கருவியை மதுரைக்கே எடுத்துச் சென்றுவிட்டார். அந்த அலைச்சல் இனி யாருக்கும் வேண்டாம்; முதலில் பக்கத்து உறுப்பினரைக் கேளுங்கள்.

இரைச்சல் வேறு, நடுக்கம் வேறு. கீழக்கரை உறுப்பினர் வீட்டில் 7 மெகாஹெர்ட்ஸ் ஒரு மாதம் முழுக்க உறுமியது. வீட்டிலுள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், அடுக்களை எல்இடி விளக்கின் மலிவான அடாப்டர் அகப்பட்டது. சமையல் நேரத்தில் இருட்டில் நின்று பொறுத்துக்கொண்ட அவருடைய அம்மாவுக்குச் சங்கத்தின் நன்றி.

நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மின்சாரம் இல்லாத வீட்டிலிருந்து, லாரி பேட்டரியில் 145 மெகாஹெர்ட்ஸை ஓட்டி, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று நமது தீவு உறுப்பினர் இருவரும் இரவு முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை ராமநாதபுரத்தில் கேட்டு எழுதி, விசாரித்தவர்களுக்குச் சொன்னோம். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் அவர்கள் ஹாம் வானொலியில் செய்த பணியைப் படித்துத்தான் நம்மில் பலர் இந்தத் துறைக்கே வந்தோம். 1964இல் தனுஷ்கோடியை இழந்த கடற்கரை இது. பேட்டரியை மாதம் ஒருமுறை சோதிக்கும் முறையை இந்த ஆண்டு விதியாகவே ஆக்கிவிட்டோம்.

இந்த ஆண்டின் பெரிய பேறு என்று நான் கருதுவது பிப்ரவரியில் வந்தது. மண்டபத்து உறுப்பினர் நாட்டுப்படகு மீனவர். ஹாம் உரிமத்தின் தொடக்கப் படியான கட்டுப்படுத்தப்பட்ட நிலைத் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்து, அக்கரை விளக்குகள் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்ததுபோல் தெரிகிற விடியற்காலையில் கைக்கருவியைத் திறந்து பாருங்கள் என்றார். பார்த்தோம். 144 மெகாஹெர்ட்ஸில், சாதாரண நாளில் தனுஷ்கோடி முனையைக்கூட எட்டத் தடுமாறும் கைக்கருவியில், இலங்கை நிலையங்களுக்கு உரிய, 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறி தெளிவாகக் கேட்டது. பேசினோம், அவரும் தமிழர். கடலை ஒட்டிய ஈரக் குளிர்காற்றின்மேல் சூடான காற்று படர்ந்தால் அவ்விரண்டின் எல்லை அலையைக் கீழ்நோக்கி வளைத்துக் கடல்மீதே நடத்திச் செல்கிறது. விளக்கைத் தூக்கிக் காட்டுவதும் அதே காற்றுதான். இது நூல்களில் உள்ள செய்தி. எந்த விடியலில் நிகழும் என்பதை நமக்குச் சொன்னது அவருடைய கண். வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று அடித்த நாட்களில் ஒன்றும் வரவில்லை. வாடை தணிந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்காத இடைவெளியில்தான் வந்தது.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு மாற்றத்தை முன்வைக்கிறது. இனி பதிவேட்டில் நேரம், அலைவரிசை, அழைப்புக் குறி ஆகியவற்றோடு காற்றின் பெயர், வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டின் நிலை, அக்கரை தெரிந்ததா இல்லையா என்பதும் எழுதப்பட வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலிருப்போரிடம் சொன்னால் போதும்; அவர்கள் எழுதிவிடலாம்.

மூவர் இவ்வாண்டு உரிமத் தேர்வில் தேறினர். அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் பயிற்சி ஞாயிறுதோறும் தொடர்கிறது. உப்புக்காற்றில் செம்புக் கம்பிகள் பச்சைக் களிம்பு பூத்துப்போவதால் இணைப்புகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுரண்டி, நாடாச் சுற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு ரயில் மீண்டும் ராமேஸ்வரம் வரை ஓடுகிறது. மதுரை நண்பர்கள் மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடிக்கும் சிரமம் தீர்ந்தது. பள்ளிகள் திறக்கும் முன், மே மாதக் கடைசி ஞாயிறு மீண்டும் அரியமானுக்குப் போகிறோம். மூங்கில் கழி என் வீட்டில் இருக்கிறது. பதிவேட்டைத் துணைத்தலைவரின் பேத்தி கொண்டுவருகிறாள்.

இப்படிக்கு,
செயலர்